அக்காவின் பலகைப்படி

அக்காவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்திருக்கும் உறவினரே, நண்பர்களே, நினைவு மலர்களில் நல்லதை மட்டுமே எழுதுவார்கள். அக்காவைப் பற்றி அப்படி எழுதுவதில் எனக்குச் சிரமமில்லை. மற்றவர்களைப் பற்றித்தான் முடியவில்லை. தங்கை என்ற உரிமையில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்தார். துறைமுகத்தில் வேலை செய்த அப்பா இளவயதிலேயே கண்மூட, அக்கா ஆசிரியையாகி எங்களைத் தூக்கி நிறுத்தினார். நாங்கள் கரைசேரும்வரை தன் கல்யாணப் பேச்சை எடுக்க விடவில்லை. பிறகு எடுக்க ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மறைக்கல்வி கற்பித்தார். தமிழர்மீது நடந்த கலவரத்துக்குப் பிறகு எங்கள் பகுதியில் பலர் பயத்தில் பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். வீட்டில் தமிழ் பேசும் அந்தப் பிள்ளைகளுக்கு அதை வாசிக்கத் தெரியாது. பூசையில் காலாட்டிக்கொண்டு கூரையைப் பார்த்திருப்பார்கள். அக்கா அடுத்த வார வாசகத்தை வைத்தே அவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொருவராகத் திருப்பலியில் வாசிக்கவும் வைத்தார். வாசக மேடை பெரியவர்களின் உயரத்துக்குச் செய்தது. அதனால் பிள்ளைகள் ஏறி நிற்க, தடித்த பலகையில் ஒரு படி செய்வித்தார்.

ஒரு திருவிழாவுக்கு ஆயர் வந்திருந்தார். மட்டக்குளி மீன் வியாபாரி ஒருவரின் மகள் மெரினா, சிறுவன் சாமுவேலை ஆண்டவர் கூப்பிட, தன் கிழட்டுக் குருதான் கூப்பிட்டார் என்று அவன் அவரிடம் ஓடும் வாசகத்தை வாசித்தாள். நடுவில் வரி தவறிவிட்டது. விரலால் தேடினாள், கிடைக்கவில்லை. தலையை நிமிர்த்தி, மிச்சத்தைத் தன் வீட்டுத் தமிழிலேயே சொன்னாள்.

"பொடியன் எழும்பி ஓடிப்போய், 'கூப்பிட்டீங்களா ஐயா?' எண்டு கேட்டான். 'நான் கூப்பிடேல்ல, போய்ப் படு' எண்டார் அவர்."

கோயிலே சிரித்தது. ஆயரும் சிரித்தார். பின்வரிசைப் பிள்ளைகள்கூட அடுத்து என்ன என்று எட்டிப் பார்த்தார்கள்.

பூசை முடிந்ததும் பங்குச் சபைச் செயலாளர் வந்தார். "டீச்சர், இது வேதம், நாடகமில்ல. ஆயருக்கு முன்னால எங்கட மானம் போயிட்டு."

"ஆயரே சிரிச்சவர்தானே," என்றார் அக்கா.

"அதுதான் சொல்றன்."

அடுத்த ஞாயிறு முதல் பெரியவர்களே வாசித்தார்கள். பலகைப்படி மாதா சுரூபத்துக்கு அருகே போய், அதன்மேல் ஒரு பூச்சாடி ஏறியது. அக்கா பங்குத் தந்தையிடம் போனார். "பாதர், பிள்ளை வரியைத்தான் தவறவிட்டவள், கதையை இல்ல." பார்ப்போம் டீச்சர் என்றார் அவர். மாற்றலாகி வந்த அடுத்தவரும் அதையேதான் சொன்னார். இப்படிப் பார்த்துக்கொண்டே ஆண்டுகள் ஓடின, அக்கா பாரிசவாதத்தில் படுத்துவிட்டார்.

கடைசி வாரத்தில் செயலாளர் திராட்சைப் பழத்தோடு பார்க்க வந்தார். அக்கா கேட்டது ஒன்றுதான்.

"பிள்ளைகள் வாசிக்கினமா?"

"ஓம் டீச்சர், முந்தி மாதிரியே. உங்கட பலகையில ஏறி நிண்டுதான் வாசிக்கினம்."

கண் இமைக்காமல் சொன்னார். எனக்குப் பற்றியெரிந்தது. ஆனால் அக்காவின் முகம் அப்படி மலர்ந்ததைப் பார்த்த பிறகு யாரால் வாயைத் திறக்க முடியும்? அந்தச் சிரிப்போடுதான் அவர் போனார்.

அடக்கத் திருப்பலியில் பிள்ளைகளுக்கு வெள்ளை உடுத்தி, கையில் பூக் கொடுத்து வரிசையாக நிறுத்தினார்கள். முதல் வாசகத்தைச் செயலாளரே வாசித்தார். ஒரு பிழையில்லை. ஒரு பிள்ளையும் தலை நிமிரவில்லை.

இனி நன்றி. அக்காவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட பக்கத்து வீட்டு அன்ரிக்கும், பேலியகொடைச் சந்தையிலிருந்து மீன் வரும்போதெல்லாம் அக்காவின் சட்டிக்கும் ஒரு பங்கு அனுப்பிய மெரினாவின் அம்மாவுக்கும், சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

செயலாளர் ஐயாவுக்கும் நன்றி. அக்கா நிம்மதியாகக் கண்மூடியது நீங்கள் சொன்ன பொய்யால்தான். அதை உண்மையாக்கவும் உங்களால்தான் முடியும். மெரினா வளர்ந்துவிட்டாள், அவளுக்குப் படி தேவையில்லை. அவளுடைய தங்கைக்குத் தேவை. வருகிற ஞாயிறு வாசகத்தை அவள் படித்து வைத்திருக்கிறாள். பூச்சாடியை இறக்கி வையுங்கள்.