"ஆளுக்கு ஐம்பது" என்றாள் பியாட்ரிஸ்

பியாட்ரிஸின் நெஞ்சு அன்று அடித்துக்கொண்ட வேகத்துக்கு அவள் குழுவின் அப்துல் வஹீதின் தபலாகூட ஈடு கொடுத்திருக்காது! 1973, ஆவணி மாதம். தியாகராய நகரில் சண்முகசுந்தரத்தின் ஜவுளிக் கடை வாசலில் இருவரும் நின்றிருந்தார்கள்.

சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள் பியாட்ரிஸ். மாதா கோயிலில் ஆர்மோனியம் பழகி, அக்கார்டியனுக்கு மாறி, பதினான்கு வருடங்களாகக் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறவள். அந்தக் கனத்த பெட்டியைத் தோளில் மாட்டி அவள் துருத்தியை விரித்தால், பந்தியில் உட்கார்ந்தவர்கள்கூட இலையை மறந்து திரும்புவார்கள். ஆனால் "உங்களுக்கு எவ்வளவு?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். விரல்கள் புடவைத் தலைப்பைத் திருகும். "நீங்க பார்த்துக் குடுங்க" என்று வாய் சொல்லிவிடும்.

அவள் மட்டுமா? மேடையில் வாசிக்கிற அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். வாசிப்புக்கு விலை சொல்வது மரியாதை இல்லை என்று ஒரு கூச்சம். பாடகருக்குத் தொகை பேசியிருக்கும். வாசிக்கிறவர்களுக்கு வெற்றிலைத் தட்டில் ஒரு கவர், அவ்வளவுதான்.

ஆனி மாதம் மயிலாப்பூர் வரவேற்பு ஒன்றில் வந்த கவரை அவள் பஸ் ஸ்டாப்பில் பிரித்தாள். பதினோரு ரூபாய்! இரண்டு நாள் ஒத்திகை, நான்கு மணி நேர வாசிப்பு. போகும்போது பெட்டிக்காக டாக்சிக்குக் கொடுத்ததே ஆறு ரூபாய்.

"எனக்கும் அதான்க்கா. அந்த ஒத்த ரூபா ஆசீர்வாதமாம்" என்று சிரித்தான் வஹீத். சிரித்த கண்ணில் நீர் தளும்பியது. அந்த நீரை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாளே குழுவின் நான்கு பேரும் அவள் வீட்டில் கூடினார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஆளுக்கு ஐம்பது. கூடுதல் மணிக்குப் பத்து. ஒத்திகைக்குப் பத்து. யாரும் குறைத்துப் போகக் கூடாது. கையின் மேல் கை வைத்துச் சத்தியம்! பேசும் பொறுப்பு பியாட்ரிஸுக்கு. அவள் கணவர் பவுல்சாமி கல்யாண வீட்டுக்காரராக நடித்து அவளைப் பழக்கினார். எட்டுத் தடவையும் அவள் "பார்த்துக் குடுங்க" என்றே முடித்தாள்!

இதுதான் முதல் பரீட்சை. சண்முகசுந்தரத்தின் மகள் ஜெயபாரதியின் வரவேற்பு, அந்த வருடத்திலேயே பெரியது. கை நழுவினால் நான்கு பேருக்கும் நழுவும்.

"உக்காருங்கம்மா" என்றார் சண்முகசுந்தரம். கல்லாவில் அவர் மனைவி பேச்சியம்மாள். "பாடகருக்கு முந்நூறு பேசியாச்சு. உங்களுக்கு எவ்வளவு?"

விரல்கள் தலைப்பைத் தேடின. "நீங்க பா..."

வஹீத் அவள் காலை மிதித்தான்.

"ஆளுக்கு ஐம்பது!" என்று வந்தது. சொல்லிவிட்டாள்! மீதியையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"என்னம்மா இப்படிச் சொல்லுதிய! வாசிக்கவங்க யாரும் வாயத் தொறந்து கேட்டதில்லையே. வந்து வாசிங்க, நான் பாத்துக் குடுக்கேன்."

"பாத்துப் பாத்துதான் சார் எங்கள இப்டி வச்சிகிறாங்கோ" என்றான் வஹீத்.

"இருபத்தஞ்சு. இல்லன்னா வேற ஆளு பாத்துக்கிடுதேன்."

பியாட்ரிஸ் எழுந்தாள். நான்கு வீட்டு அடுப்பையும் தானே அணைத்துவிட்டோமோ?

அப்போது ஒரு மாமி பட்டுப் புடவையோடு வந்தாள். "அஞ்சு ரூபா கொறச்சுக்கோங்கோ. நாலு புடவை எடுத்துண்டிருக்கேனே!"

"மன்னிக்கணும்மா. இங்க ஒரே விலை. கலெக்டர் வந்தாலும் அதான்" என்று தலைக்கு மேலிருந்த போர்டைக் காட்டினார் சண்முகசுந்தரம்.

வாசல்வரை போன பியாட்ரிஸ் திரும்பினாள். குரல் நடுங்கியது, ஆனால் உடையவில்லை.

"அண்ணாச்சி, எங்ககிட்டயும் ஒரே விலைதான். போர்டு மட்டும்தான் இல்ல."

கல்லாவிலிருந்து கலகலவென்று சிரிப்பு வெடித்தது. "நல்லாக் கேட்டா மவராசி!" என்றாள் பேச்சியம்மாள். "நீங்க இந்தப் போர்டு மாட்டின முத மாசம் ஈ காக்கா கடைக்கு வரல. கழட்டிருவோமான்னு நித்தம் எங்கிட்ட கேட்டியளே, மறந்துட்டியளா?"

அவர் முகம் சிவந்தது. பிறகு மெல்ல மலர்ந்தது. "சரி, ஐம்பது. ஆனா விலை சரின்னா அளவும் சரியா இருக்கணும். ஆறு மணின்னா ஆறு, ஒம்பதுன்னா ஒம்பது!"

"கெஜக்கோல் வச்சே அளந்துக்குங்க அண்ணாச்சி!"

வரவேற்பன்று ஆறு அடிக்கும்போது முதல் பாட்டு தொடங்கியது. ஒன்பது அடிக்கும்போது முடிந்தது. "இன்னொண்ணு! இன்னொண்ணு!" என்று மண்டபம் கத்தியது. மற்ற மூவரும் பியாட்ரிஸைப் பார்த்தார்கள். வாசிக்கத் துடித்த விரல்களை அவள் அடக்கிக்கொண்டு நின்றாள். பழைய பியாட்ரிஸ் கேட்காமலே வாசித்திருப்பாள்!

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தார் சண்முகசுந்தரம். சம்பந்தி வீட்டார் அத்தனை பேருக்கும் கேட்கும்படி முழங்கினார்: "இன்னும் ஒரு மணி நேரம்! ஆளுக்குப் பத்து! சரிதானம்மா?"

பியாட்ரிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அக்கா" என்று கிசுகிசுத்தான் வஹீத். "காதுல விழலன்னு சொல்லு. இன்னொரு தபா கேக்கட்டும்!"