அவர் போட்ட பூட்டு

நான் கோபக்காரி. என் கணவர் இறந்த வீட்டில் என் வாயை அடக்க என் அண்ணனாலும் முடியவில்லை. நல்லவர்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்வான் என்று ஆறுதல் சொன்ன ஒரு அத்தையிடம், அப்படியானால் உங்களை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறான் என்று கேட்டுவிட்டேன். முப்பத்து நாலு வயசு சாகிற வயசா? மகள் அப்போதுதான் எல்.கே.ஜி. சேர்ந்திருந்தாள்.

அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மெஷினுக்குள் கை வைக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டு, தன் போட்டோ ஒட்டிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். பூட்டியவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக்கூடாது. மறந்துபோய் வீட்டுக்கு வந்துவிட்டால் போன் வரும். "நான் உள்ள இல்ல. தொறந்துக்கலாம்" என்று அவர் தன் வாயால் சொன்ன பிறகுதான் அங்கே பூட்டை அறுப்பார்கள்.

கள்ளிக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தபோது அப்படி ஒரு போன் வந்தது. மகளை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பீக்கரில் பேசினார். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் விளையாட்டு. பீரோவை மூடிவிட்டு எனக்குப் போன் போடுவதுபோல் நடிப்பாள். நான் அந்த வார்த்தையைச் சொன்னால்தான் திறப்பாள்.

வெள்ளானூரில் வீடு கட்டி வந்த பிறகு அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தார். ஒரு ஃபேன் மாட்ட இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கிண்டல் செய்வேன். வீட்டுக் கரண்டுக்கு மட்டும் நான் யாரென்று தெரியுமா என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை போர் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் சுவிட்ச் பெட்டியில் பூட்டைப் போட்டு, அட்டையைத் தொங்கவிட்டுப் பின்பக்கம் போனார். டேப் எடுக்க உள்ளே வந்தவர், நெஞ்சு எரிகிறது என்று உட்கார்ந்தார். கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணி கொடுத்தேன். சட்டை தொப்பலாக நனைந்ததைப் பார்த்ததும் பக்கத்து வீட்டுக் காரில் ஏற்றினோம். ஆவடி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த துணிகளில் பூட்டின் சாவி இல்லை. இருந்ததே ஒரே சாவி.

டேங்கில் இருந்த தண்ணீர் அவரை எடுத்த அன்றே தீர்ந்தது. அப்புறம் லாரித் தண்ணீரிலும் பக்கத்து வீட்டுக் குடங்களிலும் ஓட்டினோம். காரியத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்கள் வந்து இறங்கியதும் அதுவும் போதவில்லை. சாவு வீட்டில் ஆளுக்கு ஒரு நாட்டாமை. மோட்டாரை அவர் சரிசெய்துவிட்டார், பூட்டை உடைப்பதுதான் பாக்கி என்று எல்லோரும் அண்ணனைப் பிடித்துக்கொள்ள, அவன் சுத்தியலோடு வந்தான்.

சுவிட்ச் பெட்டிக்குக் கீழே மகள் உட்கார்ந்திருந்தாள். ஹாலில் மாலை போட்டு வைத்த பெரிய போட்டோ பக்கம் அவள் போகவே இல்லை. அந்த அட்டையில் இருந்த சின்ன அப்பாதான் அவளுக்கு அப்பா.

"பூட்னவங்கதான் தொறக்கணும். அப்பா வருவாரு," என்றாள்.

"ஊடு ஃபுல்லா ஜனம் கீது கண்ணு. தண்ணி இல்லாம இன்னா பண்றது?" என்று அண்ணன் என்னைப் பார்த்தான்.

பின்பக்கம் என் பெரியம்மா ஈரத்தில் நின்று, கிடைத்த கொஞ்சம் தண்ணீரில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வேண்டும் என்று எனக்கும் தெரியும். பூட்டு உடைந்தால் அப்பா வரமாட்டார் என்பது என் மகளுக்குத் தெரிந்துவிடும் என்பதும் தெரியும். உடை என்று சொன்னேன். அண்ணன் அவளை ஒரு கையால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறு கையால் சுத்தியலை ஓங்கினான். அவள் அவன் தோளைக் கடித்தாள்.

அப்போதுதான் என் கணவரோடு வேலை பார்த்த நண்பர் அரிசி மூட்டையோடு வாசலில் வந்து நின்றார். பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, மோட்டார் ஒயர் போகும் வழியைப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் நடந்தார். நாங்களும் போனோம். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் சாக்கு கிடந்தது. அதைத் தூக்கினார். அடியில் ஒயர் ஜாயின்ட் பிரிந்து, செம்புக் கம்பி ஈரத் தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு சாண் தள்ளி பெரியம்மாவின் கால்.

அண்ணன் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, என் கணவர்மேல் கோபம்தான் வந்தது. ஊரார் காலுக்கெல்லாம் காவல் வைத்துவிட்டுப் போகத் தெரிந்த மனுஷனுக்குத் தன் நெஞ்சு ஏன் எரிகிறது என்று தெரியவில்லையே.

நண்பர் ஜாயின்டைச் சேர்த்து டேப் சுற்றினார். பிறகு ரம்பத்தோடு வந்து பூட்டுக்கு முன்னால் நின்று, கம்பெனியில் செய்வதுபோலவே போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தினார். கைப்பழக்கம். ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் என் கணவரின் போன் அடித்தது. அதை நான்தான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் சண்டைக்குப் போயிருந்தேன்.

கட் பண்ணக்கூடத் தோன்றாமல் நண்பர் போனைக் காதில் வைத்தபடியே நின்றார். மகள் அண்ணன் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி உள்ளே ஓடினாள். யாரும் தடுக்கவில்லை. மணி நின்றது.

கொஞ்ச நேரம் அவள் மூச்சு வாங்குவது மட்டும் நண்பரின் போனில் கேட்டது. பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"அப்பா உள்ள இல்ல அங்கிள்," என்றாள். "தொறந்துக்கலாம்."