அப்ப என்றால் கீழே

எங்கள் கலியாணத்தின் ஆண்டு நிறைவுக்குச் சொந்தக்காரர் எல்லோரும் சோறு அவிக்கிற மின்சாரப் பானை தந்தார்கள். நான் வேலை செய்த முதியோர் இல்லத்து ஜேர்மன் பெண்கள் மட்டும், நன்றாக யோசித்து, எங்களைக் கொன்றுவிடத் தீர்மானித்திருந்தார்கள். அவர்கள் தந்த பரிசுச் சீட்டு இதுதான்: உறைந்துபோன நீர்வீழ்ச்சியில் வழிகாட்டியோடு ஏறிப் பழக ஒரு நாள், இரண்டு பேருக்கு, மதியச் சூப் இலவசம். சூப் என்ற சொல்லைக் கண்டதும் என் கணவர் போவதென்று முடிவெடுத்துவிட்டார்.

ஜேர்மனியில் உலகக் கோப்பை உதைபந்தாட்டம் நடக்கவிருந்த வருடத்து மாசி மாதம், நாங்கள் வசித்த பீலெஃபெல்ட் நகரிலிருந்து நாட்டின் தெற்கு மூலைக்குப் புறப்பட்டோம். வழி முழுக்க ஒரே சண்டை. இல்லத்தில் நான் உதவியாள். கிழவர்களைக் குளிப்பாட்டலாம், புரட்டிப் படுக்க வைக்கலாம், அவர்களிடம் ஏச்சு வாங்கலாம். மருந்து அலுமாரியின் திறப்பை, அதுதான் சாவியை, மட்டும் தொடக்கூடாது. அதற்கு மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது வேலை செய்துகொண்டே படிக்கிற தொழிற்பயிற்சி, முடித்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் திறப்பு வேண்டும் என்று ஆசையாக இருந்தது. சட்டப்படி யாருடைய சம்மதமும் தேவையில்லைதான். ஆனால் அந்த மூன்று வருடமும் பின்னேரங்களில் பிள்ளைகளைப் பார்த்து உலை வைக்க ஒரு ஆள் வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த ஆள் அவர் ஒருவர்தான்.

“இந்த வயசில சின்னப் பிள்ளையளோட இருந்து சோதினை எழுத உமக்கு ஏலாது” என்றார். எனக்குக் கார் ஓட்டப் பழக ஏலாது என்று முன்பு சொன்னவரும் அவர்தான். அந்தக் காரை அப்போது நான்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மலையடியில் எங்களைப் பொறுப்பெடுத்த வழிகாட்டி தாடி வைத்த பவேரிய மாநிலத்துக்காரர். யோகா வகுப்புக்குப் போகிறவராம். கயிறு சரியா என்று கேட்டார், ஆம் என்பதற்குப் பழக்கதோஷத்தில் எங்கள் ஊர் “ஓம்” என்றோம். தலைக்கவசம் இறுக்கமா, “ஓம்.” ஒவ்வொரு தடவையும் மனிதர் கண்ணை மூடிக் கைகூப்பித் தானும் ஒரு “ஓம்” சொன்னார். எங்களை இமயமலைச் சாமியார்கள் என்று நினைத்திருப்பார். மரியாதை கிடைக்கிற இடத்தில் அதை ஏன் கெடுப்பான் என்று நானும் இன்னொரு “ஓம்” சொன்னேன்.

காலணிக்குக் கீழே இரும்பு முட்கள், இரண்டு கையிலும் இரண்டு கோடரி. ஏறுகிறவரின் இடுப்பில் கட்டிய கயிறு உச்சியில் ஒரு வளையத்துக்குள்ளால் போய்த் திரும்ப, அதன் மறுமுனையை வழிகாட்டி கீழே நின்று பிடித்திருப்பார். மேலே போனபின் நீட்டி முழக்கினால் தனக்கு விளங்காது என்றார். கயிற்றை இறுக்க “ட்சூ”, இறக்கிவிட “அப்”, ஜேர்மனில் கீழே என்று அர்த்தம். இவ்வளவும்தான் பாடம்.

முதலில் என் கணவர் ஏறினார். ஏறினார் என்று சொல்வது என் பெருந்தன்மை. ஒரு ஆள் உயரத்தில் நின்று “அப்” என்றார். குளிர் காலில் பிடித்துவிட்டதாம். இறங்கியதும் ஆளுக்கு எங்கிருந்துதான் அந்த வாய் வந்ததோ! “உதின்ர உச்சியைத் தொட்டிட்டு வாரும் பாப்பம். நீர் அவுஸ்பில்டுங் செய்யும், நான் வாயே திறக்கமாட்டன்.”

“சத்தியமோ?”

“சத்தியம்.”

ஏறினேன். அவரைவிட உயரமாகவே ஏறிவிட்டேன். அங்கே இடது காலுக்கு இடம் தெரியாமல், “அப்ப, இந்தக் காலை எங்க வைக்கிறது?” என்று கேட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, சர்ரென்று கீழே வந்து நின்றேன். வழிகாட்டிக்கு என்ன விசரோ என்று நினைத்துக்கொண்டு திரும்ப ஏறினேன். பாதிக்கு மேல் போயிருப்பேன், கணவர் கீழேயிருந்து “காணும், இறங்கி வாருமன்” என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “அப்ப நீங்கள் ஏறுங்கோவன்!” என்று கத்தினேன். திரும்பவும் நிலத்தில் நின்றேன்.

“ஏன் இறக்கினீர்கள்?” என்று வழிகாட்டியிடம் பாய்ந்தேன்.

“இரண்டு தடவையும் நீங்கள்தானே ‘அப்’ என்றீர்கள்?” என்றார் அந்த அப்பாவி.

ஐயோ கடவுளே! யாழ்ப்பாணத்தாருக்கு “அப்ப” இல்லாமல் ஒரு வசனம் தொடங்குமா? எங்கள் மொழியில் அதற்கு இறக்கிவிடு என்று அர்த்தமில்லை என்று விளக்கினேன். “அதை உயரத்தில் நான் எப்படிப் பிரித்தறிவது?” என்றார். நியாயம்தான். உச்சியைத் தொடும்வரை வாயே திறக்கமாட்டேன் என்றேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இவவோ? கதைக்காமலோ?”

பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். கோடரி கொத்த ஐஸ் தெறித்து முகத்தில் விழுந்தது. பாதிக்கு மேலே பயத்தில் அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுதேன். கீழேயிருந்து கணவர் இடது வலது என்று கட்டளை போட்டபடி நின்றார். பதில் சொல்லாமல் இருந்ததுதான் அன்றைக்கு ஆகப் பெரிய கஷ்டம். கடைசியில் கயிறு போட்டிருந்த வளையம் கைக்கு எட்டியது. பிடித்தேன். கீழே பார்த்தேன், இரண்டு தலைக்கவசம் தெரிந்தது.

“தொட்டிட்டன்! அவுஸ்பில்டுங்?” என்று கத்தினேன்.

“அதை வீட்ட போய் ஆறுதலாக் கதைப்பம். முதல் இறங்கும்!”

எனக்கு அவரைத் தெரியாதா? வீட்டுக்குப் போனால் அது அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று போகும்.

“அப்?” என்று வழிகாட்டி கேட்டார்.

“நைன்!” என்று மறுத்தேன். கோடரி இரண்டையும் இன்னும் ஆழமாகக் கொத்தினேன். “சத்தியம் பண்ணினனீங்கள். இஞ்சையே சொல்லுங்கோ. நான் செய்யிறனோ, இல்லையோ?”

கணவர் என்னைப் பார்த்தார், வழிகாட்டியைப் பார்த்தார். வழிகாட்டி நேரத்தைப் பார்த்துவிட்டு, மலையடி உணவுக் குடிசையில் சூப் முடியப்போகிறது என்றார். அந்த வார்த்தைக்காக அவருக்குக் கோயில் கட்டிக் கும்பிடலாம். எனக்குக் கை விறைத்துப்போனது, ஆனாலும் அசையவில்லை.

“ஓம்” என்றார் என் கணவர், ஈனக் குரலில்.

“கேக்கேல்லை!”

“ஓம்! ஓம்! செய்யும்!”

கயிற்றை விடமுடியாததால் வழிகாட்டி கைகூப்பவில்லை. பக்தியோடு தலையை மட்டும் தாழ்த்தினார்.

“அப்ப சரி” என்றேன். உடனே இறக்கினார்.