சோறு மூடி வைப்பதை நிறுத்திய நாள்

இதை எழுதுவதா விடுவதா என்று நாலு வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு தரம் கொப்பியை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மூடி வைத்தேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள். அந்த மனிதரைப் பற்றிப் பொல்லாப்பாக ஒரு சொல் விழுந்துவிடுமோ என்ற பயம்தான் கையைப் பிடித்தது.

எங்கள் வீடு கனடாவில், ரொறொன்ரோவின் மல்வேர்ன் பகுதியில். ஒரே மகள் கலியாணம் முடித்து வேறு நகரத்துக்குப் போனபிறகு என் கணவர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. குடிக்க மாட்டார், கை நீட்டியதில்லை. படுக்கையைக் கீழே, நிலவறை பேஸ்மென்ருக்கு மாற்றிக்கொண்டார். மற்றவர்களோடு தொலைபேசியில் சிரித்துக் கதைப்பது மேலே கேட்கும். எனக்கு ஒரு சொல் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் றிச்மண்ட் ஹில் கோயிலுக்கு ஒரே காரில் போவோம், வருவோம், வாய் திறக்காமல். ஐயர் நட்சத்திரம் கேட்டால் இரண்டு பேருடையதையும் நான் சொல்லுவேன்.

ஒவ்வொரு நாளும் அவருக்குச் சமைத்து, சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு மூடி வைப்பேன். சில நாள் வேண்டுமென்றே கறிக்கு உப்புப் போடாமல் விடுவேன். "உப்பில்லை" என்றாவது சொல்லட்டுமே என்று. அவர் எழும்பி, உப்புப் போத்தலை எடுத்து, தானே போட்டுக் குழைத்துச் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவிடுவார். நான் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நிற்பேன். "ஒன்றில் அவரைப் பேச வை, இல்லையென்றால் என்னை எடுத்துக்கொள்." இதைத்தான் ஐந்து வருடம் கேட்டேன்.

கடைசியில், விவாகரத்துக் கேட்போம் என்று, பிளாசாக் கடைத்தொகுதியில் விண்ணப்பப் போம் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போனேன்.

"தங்கச்சி, அவர் அடிச்சவரோ?"

"இல்லை அண்ணை."

"ஒருக்காவாவது? தள்ளிக்கிள்ளி விட்டவரோ?"

"இல்லை."

"வேறை பொம்பிளைத் தொடர்பு?"

"சீச்சீ."

"அப்ப என்னத்தைத்தான் நான் எழுதிறது? காரணம் இல்லாமல் டிவோர்ஸ் தரமாட்டாங்கள். அடிச்சவர் எண்டு எழுதுவம், நீர் கையெழுத்தை வையும். ஆர் வந்து பாக்கப்போயினம்?"

திருநீறு பூசிய நெற்றியோடு அந்தப் பொய்க்குக் கையெழுத்து வைக்க என்னால் முடியவில்லை. எழும்பி வந்துவிட்டேன். அடி வாங்காத பெண்ணுக்கு வழியில்லை என்று நம்பி இன்னும் இரண்டு வருடம் அந்த வீட்டில் கிடந்தேன். அரிசி கழுவும்போது அரிசியோடு கதைக்கத் தொடங்கியிருந்தேன்.

பிறஷர் ஏறி டொக்டரிடம் போனபோது அழுதுவிட்டேன். பெண்களுக்கு இலவசமாகச் சட்ட உதவி செய்யும் ஓர் இடத்தின் நம்பரை அவர் எழுதித் தந்தார். அங்கே இருந்த லோயர் இங்கு பிறந்த ஒரு தமிழ்ப் பிள்ளை. வீட்டில் பயமில்லாமல் இருக்கிறேனா என்றுதான் முதலில் கேட்டாள். என்னிடம் காரணம் ஒன்றும் இல்லையே என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.

"அன்ரி, ரீசன் ஒண்டும் வேண்டாம். யார் பிழை எண்டு கோர்ட் கேக்காது. ஒரு வருசம் பிரிஞ்சு இருந்தாக் காணும். ஒரே வீட்டிலையும் பிரிஞ்சு இருக்கலாம். பேப்பரை அங்கிளுக்குக் குடுக்க வேணும், ஆனா அவர் ஓம் எண்டு சொல்லத் தேவையில்லை. வீடு, உங்கட செலவு எல்லாம் வேறையாக் கதைப்பம். அதுவரைக்கும் ஒண்டிலையும் சைன் பண்ணாதேங்கோ."

நான் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் பேனையை எடுத்தாள்.

"எப்ப இருந்து பிரிஞ்சு இருக்கிறீங்கள்?"

"அறை மாறி ஏழு வருசம், பிள்ளை."

"சமையல்?"

"நான்தான். மூடி வைப்பன்."

"உடுப்பு?"

"நான்தான் தோய்க்கிறனான்."

பேனை நின்றது. "ஒரு பிளேட் சோத்தை வைச்சு ஜட்ஜ் முடிவெடுக்க மாட்டினம், எல்லாத்தையும் சேர்த்துத்தான் பாப்பினம். ரூம் மாறின டேற்றைப் போடலாம். ஆனா நீங்கள்தான் சத்தியம் பண்ண வேணும், அன்ரி."

உப்பில்லாமல் கறி வைத்த ஒவ்வொரு நாளும் நான் அவருடைய மனைவியாகத்தான் இருந்தேன். இதை அந்தப் பிள்ளைக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. "பிரிஞ்ச நாள் இனித்தான் வரும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த நாள் காலை, தேத்தண்ணி குடிக்க மேலே வந்தவரிடம் சொன்னேன்: "இஞ்சருங்கோ, இண்டையிலிருந்து நான் உங்களுக்குச் சமைக்க மாட்டன். நான் பிரிஞ்சிட்டன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏன்? நான் என்ன பிழை செய்தனான்?"

ஏழு வருடத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. "பிழையெண்டு ஒண்டும் இல்லை. என்னாலை ஏலாது" என்றேன். அவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுக் கீழே போனார். பிறகும் பேசவில்லை.

அந்த ஒரு வருடம் கடைப் பாணும் ரின்னில் அடைத்த மீனுமாகச் சாப்பிட்டார். அவருடைய தங்கை தொலைபேசியில் கத்தினாள்: "ஆம்பிளையைப் பட்டினி போட்டுக் கொல்லுறியோ மச்சாள்? அண்ணை அடிச்சவர் எண்டாலாவது நாலு பேருக்கு முகம் குடுக்கலாம். இதுக்கு நான் என்ன சொல்லுறது?"

ஆடி அமாவாசைக்குத் தகப்பனின் விரதச் சோற்றை அவர் தானே வைத்தார். அடிப்பிடித்த மணம் என் அறைக்குள் வந்தது. செத்துப்போன மாமாவுக்கு இதுவா படையல் என்று எழும்பினேன். கதவுப் பிடியில் கை வைத்தபடியே நின்றேன். போயிருந்தால் வழக்குக் கெட்டிருக்காது. ஆனால் அன்றைக்குச் சமைத்தால் அடுத்த நாளும் சமைப்பேன், அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பேன். போகவில்லை. அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும்.

வருடம் முடிந்து, மனுப் போட்டு, சில மாதங்களில் விவாகரத்துக் கடதாசி தபாலில் வந்தது. படம் எடுத்து மகளுக்கு அனுப்பி வாசிக்கச் சொன்னேன்.

"அப்பாவிலை பிழை எண்டு எழுதியிருக்கோ?"

"இல்லையம்மா."

"என்னிலை?"

"உங்களிலையும் இல்லை. ஒருத்தரிலையும் இல்லை."

எனக்குச் சந்தோசம் வரவில்லை. கடதாசியைச் சாமிப்படத்தடியில் வைத்துவிட்டு, எதைக் கேட்டுக் கும்பிடுவது என்று தெரியாமல் நின்றேன்.

கோயில் மடப்பள்ளிப் பக்கம் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. ஒன்றில் அவர் என்னை அடித்தார். மற்றதில் எனக்கு வேறு ஒருவர் இருந்தார். இதை வாசிக்கும் பிள்ளைகளே, என்னைப்போல ஒரு பெண் "என்ன காரணம் சொல்லுவேன்" என்று உள்ளே கிடந்தால், இதை அவளுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவர்மேல் ஓர் அடியையும் ஏற்றாமல், என்மேல் ஒரு புண்ணியத்தையும் ஏற்றாமல், எழுதியபடியே சொல்லுங்கள். ஏதாவது கூட்டிச் சொன்னால், தனக்கும் அப்படி ஒரு காரணம் வேண்டுமென்று அவளும் காத்துக்கொண்டிருப்பாள்.