பொட்டு வைத்த பேட்டரி

இது கதை இல்லை. என் பென்ஷன் புத்தகத்தின் மேல் சத்தியம். மற்ற விஷயங்களில் நான் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். இதில் குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஆயுத பூஜை நாள். மாமல்லபுரத்தில் சிற்பக் கூடங்களின் உளிகளெல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு படுத்திருந்தன. ஊரே அமைதி. எனக்கு மட்டும் பேஜாரு. என் லினக்ஸ் லேப்டாப்பைப் போட்டால் பத்து வரி எரர், அப்புறம் கறுப்புத் திரை. நூற்றெழுபது முறை அணைத்துப் போட்டேன். என் மனைவி வசுமதி பதினேழு என்பாள். அவளுக்கு எல்லாவற்றையும் குறைத்து எண்ணியே பழக்கம்.

உள்ளே மகள் சிநேகாவின் கல்யாணப் படங்கள். வேறு பிரதி கிடையாது. டிஸ்க்கைப் பூட்டி, அதன் சாவியை மதர்போர்டு சிப்பிலேயே வைத்த மேதாவி அடியேன். போர்டு போனால் கல்யாணமே போச்சு.

"பூஜைல வச்சத இன்னிக்குத் தொடக்கூடாது" என்றாள் வசுமதி.

"அப்டேட்தான் போடப்போறேன்."

"படம் போச்சுன்னா நீங்களும் கூடவே போய்டுங்க."

பூஜையறையிலிருந்து லேப்டாப்பை மட்டும் எடுத்து வந்தேன். சார்ஜ் நிற்காத அதன் பேட்டரியை எப்போதோ கழற்றிவிட்டேன். அது பூஜையறையிலேயே, பெரிய குங்குமப் பொட்டோடு கிடந்தது. லேப்டாப்புக்குச் சுவர் கரண்ட்தான் உயிர்.

மணி 12.07. உச்சி வேளை. பென்டிரைவிலிருந்து மதர்போர்டுக்கான பயாஸ் அப்டேட்டைத் தொடங்கினேன். நடுவில் கரண்ட் போனால் போர்டு காலி.

பேட்டரி இல்லாவிட்டால் இந்த மெஷின் அப்டேட்டுக்கே ஒப்பாது. நாலு தடவை என்னைத் துரத்தியிருக்கிறது. அன்று... ஒரு வார்த்தை கேட்கவில்லை.

12.11. நாற்பத்து மூன்று சதவீதம். மேலே ஃபேன் நின்றது.

கரண்ட் கட்.

ஆத்திரத்தில் மேஜையைக் குத்தினேன். பிறகுதான் பார்த்தேன்...

திரை எரிந்துகொண்டிருந்தது.

நாற்பத்து நான்கு.

ஒயரை உருவிப் போட்டேன்.

நாற்பத்தைந்து.

டொக்... டொக்... டொக்...

உளிச் சத்தம். லேப்டாப்புக்குள்ளிருந்து.

"வசு... இங்க வாயேன்."

"அடுப்புல வேலையா இருக்கேன்."

அடியில் கைவிட்டேன். பேட்டரிப் பள்ளம் காலி. ஆனால் சுட்டது.

நூறு.

சத்தம் நின்றது.

12.19. மெஷின் தானாக எழுந்தது. ஒரு எரர் இல்லை. சிநேகா மணமேடையில் சிரித்தாள்.

பூஜையறைக்கு ஓடினேன். பேட்டரி வைத்த இடத்திலேயே இருந்தது.

பொட்டு இல்லை.

"நீ தொடச்சியா?"

"பூஜைல வச்ச பொட்ட யாராவது தொடைப்பாங்களா?"

மறுவாரம் நாவலூரில் லேப்டாப் ரிப்பேர் கடை நடத்தும் ஷபானாவிடம் அந்தப் பேட்டரியைக் கொடுத்தேன். கம்பெனி ஒட்டிய மூடியை நெம்பித் திறந்தார்.

"இன்னா சார் இது, சீல் அப்படியே இருந்துச்சு. உள்ள ஒரு செல் கூட இல்ல. வெறும் டப்பா."

மூடியைத் திருப்பிக் காட்டினார்.

"உள்பக்கமா யாரு சார் பொட்டு வச்சது?"