ரிமோட்டுகளின் காவலர்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்து லாட்ஜில் அவர் மேனேஜர். விதைக் கம்பெனி வேலையாக வேப்பந்தட்டை, அரும்பாவூர் கடைகளுக்குப் போகும்போதெல்லாம் அங்கேதான் தங்குவேன். நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. எல்லா அறை டிவி ரிமோட்டுகளையும் தன் மேசைக்குள் பூட்டி வைத்திருப்பார். சேனல் மாற்ற வேண்டுமென்றால் அவரே மாடியேறி வந்து, எந்தப் பொத்தான் என்று நாம் பார்த்துவிடாதபடி துண்டால் மறைத்து அமுக்குவார். பேங்க் லாக்கர்கூட அவ்வளவு மரியாதையாகத் திறக்கப்படுவதில்லை.

ஒருமுறை எங்கள் வீட்டு ரிமோட் தவறுதலாக என் பையில் வந்துவிட்டது. வீட்டு டிவியும் லாட்ஜ் டிவியும் ஒரே கம்பெனி. அமுக்கினேன், சேனல் மாறியது. கீழே போய் அமுக்கினேன், அவர் ரசித்துக்கொண்டிருந்த பக்திப் படமும் மாறியது.

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சார், வெளிய சொல்லிடாதீங்க. மொதலாளி என் சீட்டைக் கிழிச்சிடுவாரு. யாருக்கும் தெரியாத வரைக்கும் இது பந்தோபஸ்துதாங்க."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

இரண்டு மாதம் கழித்துப் போனால், அறைக்கு அறை அவர் கையெழுத்தில் நோட்டீஸ்: 'இதே கம்பெனியின் எந்த ரிமோட்டுக்கும் இந்த டிவி வேலை செய்யும். ஆகவே சொந்த ரிமோட் கொண்டு வரக் கூடாது.'

கீழே வரவேற்பறை டிவி தானாகவே சேனல் சேனலாகத் தாவிக்கொண்டிருந்தது. அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கள நம்புனேனே சார். யார்கிட்ட சொன்னீங்க?"

அவர் தலைக்கு நேர் மேலேயும் அதே நோட்டீஸ். அந்த முகத்திடம் என்ன வாதாடுவது? மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.