இரண்டு விரல் இடைவெளி

வானத்தை நாலு அங்குலம் கீழே இறக்கி, அது ஆடாமல் திருகாணி போட்டு நிறுத்தத் தெரிந்த ஒரே மனிதர் ஹெட்லி க்ரோஷா. எங்கள் இங்கிலாந்து லங்காஷயரில் மற்றவர்களெல்லாம் வெறும் கூரைக்காரர்கள். இதோ, ஏணியின் நாலாவது படியில் நின்று, எங்கள் கண்ணாடி அறையின் பிளாஸ்டிக் கூரைக்கும் அதன் அடியில் இழுத்துக் கட்டிய வெள்ளித்தாள் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரலை விட்டு ஓட்டிப் பார்க்கிறார். விரல் தட்டாமல் போனால்தான் அடுத்த உள்கூரைப் பலகை.

"கூரையும் மூச்சு விடணும் கண்ணு. அடைச்சா வேர்க்கும். வேர்த்தா சொட்டும். சொட்டுனா உங்கம்மா என்னைத் தேடி வருவா."

'கண்ணு' எனக்கு மட்டுமல்ல. தபால்காரர், எங்கள் நாய், வளைந்துபோன திருகாணி, எல்லோரும் அவருக்குக் கண்ணுதான். வாயில் ஆறு திருகாணிகளைக் கவ்வியிருக்கும்போது பேச்சு மணிமணியாக வரும்; துப்பிவிட்டால் குழறும்.

முதல் நாள் அவருடைய தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுக் கோப்பையை நீட்டினார். "இன்னொண்ணு கொண்டா. இந்தத் தடவ மிளகும் போடு." மறுநாள் ரசமட்டத்தின் ஒரு முனையில் சூயிங்கம் ஒட்டிவைத்தேன். "ராத்திரியோட ராத்திரியா உங்க வீடு சாஞ்சிடுச்சே!" என்றபடி கட்டைவிரலால் சுரண்டிப் போட்டார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து மாடி ஏற முடியாது. கட்டிலை இந்த அறைக்கு இறக்கினோம். அவர் குரலும் இறங்கிவிட்டது. மழை பெய்தால் இந்தக் கூரை, தகரத்தில் பட்டாணி கொட்டியதுபோல் அலறும். எங்கள் ஊரில் மழை பெய்யாத நாள் என்பது நாள்காட்டி அச்சிட்டவன் செய்த பிழை. போன மாதம் அப்படி ஒரு மழையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, தானே எழப்போய் விழுந்து கிடந்தார். பக்கத்து அடுப்படியில்தான் அம்மா இருந்தாள். நானும்தான்.

மூன்றாம் நாள் மதியம், ஒரே ஒரு பலகை பாக்கி. மழை பிடித்துக்கொண்டது. ஹெட்லி ஏணியில் நின்றபடியே, 'கேளு' என்பதுபோல் கையை உயர்த்தினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். யாரோ கம்பளிக் காலுறையோடு மாடியில் நடப்பதுபோல் மழை நடந்தது. அவ்வளவுதான் சத்தம்.

"ஷெர்லி..." என்றார் அப்பா. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

"இரு நெவில், வந்துட்டேன்!" என்று அடுப்படியிலிருந்து பதில் சொன்ன அம்மா, சொன்ன இடத்திலேயே நின்றுவிட்டாள். குழாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தேன். வெறும் வெள்ளைப் பலகைதான். ஆனாலும் தேவாலயத்து விதானத்தைக்கூட நான் இப்படிப் பார்த்ததில்லை.

ஹெட்லி கடைசிப் பலகையை எடுத்தார். அப்பாவின் தலைக்கு நேர் மேலே விரலை விட்டார். போகவில்லை.

"காலைல இங்க காத்து போச்சே."

வெள்ளித்தாள் மெத்தையின் ஓரத்தை விலக்கி, முழங்கைவரை கையை விட்டு இழுத்தார். பச்சைக் கம்பளிச் சட்டை ஒன்று வந்தது. கழுத்துப் பட்டையில் அம்மா தைத்த பெயர்த்துணியைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார்.

"கைரன் ஹார்கிரீவ்ஸ். ஓ, பள்ளிக்கூடச் சட்டையா? அதான் உடுத்தாத புதுசா இருக்கு. நான் சாப்பிடப் போன நேரத்துல வச்சியா?"

"சும்மா குறும்புக்கு வச்சேன்."

"குறும்பா? நாலா மடிச்சு, சரியா உங்கப்பா தலைக்கு மேல, மழைச் சத்தம் கேக்காம." மடிப்பை விரலால் தடவினார். "நல்ல குறும்புதான் கண்ணு."

என் காது சுட்டது. அவர் ஏணியிலிருந்து இறங்கி, போர்வைக்கு வெளியே கிடந்த அப்பாவின் பாதங்களில் அந்தச் சட்டையைச் சுற்றி, சட்டைக் கைகளைப் பாதங்களுக்கு அடியில் இறுக்கிச் செருகினார்.